வேர்ட்பிரஸும் மைஎஸ்கியூஎல்லும் கிளஸ்டரில்: தரவுத்தள பாட் எழுவதும் விழுவதுமாக இருக்கிறது, வால்யூமை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்) | 12 ஜனவரி 2025, காலை 9.40

வணக்கம். கடலூர் வட்டாரத்துப் பழைய கட்டடங்களையும் கல்வெட்டுகளையும் பற்றி நாங்கள் நால்வர் 2012 முதல் ஒரு வலைப்பதிவு எழுதிவருகிறோம். தொடக்கத்தில் வெளியிடத்து வழங்கி ஒன்றில் இருந்த அது, பிறகு எங்கள் அலுவலகத்தின் ஒற்றைக் கணினிக்கு வந்தது. கடந்த நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மின்சாரம் போய்ப் போய் வந்ததில் அக்கணினியின் பவர் சப்ளை எரிந்துபோனது. ஒன்று போனாலும் மற்றவை தாங்கட்டும் என்று எண்ணி, பயன்படுத்திய சிறு கணினிகள் மூன்றை வாங்கி, கே3எஸ் (குபர்நெட்டிஸின் எடைகுறைந்த வடிவம்) கொண்டு ஒரு குபர்நெட்டிஸ் கிளஸ்டர் (பல கணினிகளைச் சேர்த்துச் செயலிகளை இயக்கும் ஏற்பாடு) அமைத்து, வேர்ட்பிரஸையும் மைஎஸ்கியூஎல் 8.0 தரவுத்தளத்தையும் தனித்தனி டிப்ளாய்மென்டாக (செயலியின் ஓடும் பிரதிகளான பாட்களை எழுப்பிப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) நிறுவினேன். சேமிப்புக்குக் கே3எஸ்ஸுடனேயே வரும் லோக்கல்பாத் முறையை (பாட்டுக்கு வேண்டிய வால்யூம் என்னும் சேமிப்பிடத்தை அந்தந்தக் கணினியின் வட்டிலேயே உருவாக்குவது) வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் சிக்கலின்றி ஓடியது.

நேற்று இரவு, மைஎஸ்கியூஎல் பாட்டின் நினைவக வரம்பை 512 எம்பியிலிருந்து 1 ஜிபியாக உயர்த்தினேன்; கையோடு சீக்ரெட்டில் (குபர்நெட்டிஸ் கடவுச்சொற்களை வைக்கும் இடம்) இருந்த கடவுச்சொல்லையும் வலுவானதாக மாற்றினேன். அதுமுதல் புதிய பாட் நிலைத்து நிற்கவில்லை. ஐபிடேட்டா1 என்னும் தரவுக் கோப்பைப் பூட்ட முடியவில்லை, பிழை எண் 11 என்று லாகில் வருகிறது. பழைய பாட் இன்னும் உயிருடன் இருப்பதால் தளம் திறக்கிறது என்றாலும், கோப்பு பழுதாகிவிட்டதோ என்று அச்சமாக இருக்கிறது. பிவிசியை (பாட்டுக்கு வால்யூமைக் கேட்டுப் பெறும் கோரிக்கை) அழித்துவிட்டு, டிசம்பர் நடுவில் எடுத்த நகலை ஏற்றிப் புதிதாகத் தொடங்கிவிடலாமா? இடையில் எழுதிய பதினான்கு பதிவுகளைக் கையால் சேர்த்துக்கொள்வோம்.

முதுநகர்க்காரன் (கடலூர் முதுநகர்) | காலை 9.52

தம்பி, பிவிசியைத் தொடாதீர்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

லோக்கல்பாத் முறையில் தானாக உருவாகும் வால்யூமுக்கு மீட்புக் கொள்கை (பிவிசி போன பின் வால்யூமை என்ன செய்வது என்ற விதி) "டிலீட்" என்றே இருக்கும். பிவிசி அழிந்தால் வால்யூம் அழியும். வால்யூம் அழிந்தால் அந்தக் கணினியின் வட்டில் இருக்கும் அடைவே துடைக்கப்படும். குப்பைத்தொட்டி என்று ஒன்று அங்கே கிடையாது. இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஒரு பாட் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பிவிசியை அழிக்கச் சொன்னால் அது உடனே போகாது. "டெர்மினேட்டிங்" என்று காட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒன்றும் நடக்கவில்லையே என்று நீங்கள் பாட்டை நிறுத்திய அந்தக் கணத்தில் எல்லாம் சேர்ந்து போகும்.

முதல் வேலையாக அந்த வால்யூமின் கொள்கையை "ரீடெய்ன்" (அழிக்காமல் வைத்திரு) என்று மாற்றுங்கள். ஒரு வரி மாற்றம்தான். ஓடும் பாட்டுக்கு எந்த இடையூறும் இல்லை. இரண்டாவதாக, பழைய பாட் உயிருடன் இருக்கும்போதே அதற்குள் சென்று மைஎஸ்கியூஎல் டம்ப் (தரவு முழுவதையும் ஒரு கோப்பில் எழுதிய நகல்) ஒன்று எடுத்து, கிளஸ்டருக்கு வெளியே உங்கள் மடிக்கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த டம்ப் கைக்கு வந்த பிறகு இங்கே எழுதுங்கள்.

லாஸ்பேட்டைவாசி (புதுச்சேரி) | காலை 10.25

முதுநகர்க்காரன் சொன்னதைச் செய்துவிட்டீர்கள் என்று கொண்டு, பிழை ஏன் வந்தது என்பதை விளக்குகிறேன். என் மாணவர்கள் ஆண்டுதோறும் இதே இடத்தில் இடறுவதைப் பார்க்கிறேன்.

உங்கள் கோப்பு பழுதாகவில்லை. பழுதாகாமல் காத்ததே அந்தப் பூட்டுதான். டிப்ளாய்மென்டின் இயல்பான புதுப்பிப்பு முறை "ரோலிங் அப்டேட்". கிடைக்காமற்போகலாம் என்று அனுமதிக்கும் பாட்களின் அளவு 25%, கூடுதலாக எழலாம் என்று அனுமதிக்கும் அளவு 25% என்பவை அதன் இயல்பு மதிப்புகள். முன்னது கீழ்நோக்கி முழுமையாக்கப்படும். பின்னது மேல்நோக்கி முழுமையாக்கப்படும். பாட் ஒன்றே ஒன்று என்றால் முன்னது 0 ஆகிறது, பின்னது 1 ஆகிறது. அதாவது, பழையது ஒருபோதும் முதலில் நிற்காது. புதியது எழுந்து தயார் என்று காட்டிய பிறகே நிற்கும். வேர்ட்பிரஸ் போன்ற செயலிக்கு இது மிக நல்ல ஏற்பாடு. தரவுத்தளத்துக்கோ, புதிய பாட் அதே அடைவைத் திறக்க முயல்கிறது. பழையது பூட்டை விடவில்லை. பூட்டு கிடைக்காததால் புதியது தயாராகவில்லை. புதியது தயாராகாததால் பழையது நிறுத்தப்படவில்லை. நீ போனால்தான் நான் வருவேன், நீ வந்தால்தான் நான் போவேன் என்று இரண்டும் நின்றுகொண்டிருக்கின்றன. நீங்கள் ரெடினஸ் சோதனை (பாட் வேலைக்குத் தயாரா என்று பார்ப்பது) வைத்திருப்பதால்தான் இந்த முட்டுக்கட்டை. அந்தச் சோதனை இல்லாதிருந்தால், புதியது கிளம்பியதுமே தயார் என்று கருதப்பட்டுப் பழையது நின்றிருக்கும். நீங்கள் இந்தச் சிக்கலைக் கவனித்தே இருக்க மாட்டீர்கள்.

"பிவிசியில் ரீட்ரைட்ஒன்ஸ் என்ற அணுகல் அனுமதி கொடுத்திருக்கிறேனே, இரண்டு பாட்கள் எப்படி ஒரே வால்யூமைத் திறந்தன?" என்று கேட்பீர்கள். அந்த அனுமதி ஒரு கணினிக்கு உரியதே தவிர ஒரு பாட்டுக்கு உரியதன்று. லோக்கல்பாத் உங்கள் தரவுத்தளத்தை ஒரே கணினியில் கட்டிப்போட்டிருக்கிறது. எனவே இரண்டு பாட்களும் அங்கேயே இறங்கின. ஒரு பாட்டுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தும் ரீட்ரைட்ஒன்ஸ்பாட் என்னும் முறை குபர்நெட்டிஸ் 1.29 பதிப்பில் நிலைபெற்றது. ஆயினும் அது சிஎஸ்ஐ (குபர்நெட்டிஸின் பொதுச் சேமிப்பு இடைமுகம்) வழிச் சேமிப்பகங்களுக்கே பொருந்தும் என்பதால் உங்களுக்கு உதவாது.

தீர்வு எளிது. டிப்ளாய்மென்டின் புதுப்பிப்பு முறையை "ரீகிரியேட்" (பழையது நின்ற பிறகே புதியது எழும்) என்று மாற்றுங்கள். குபர்நெட்டிஸ் ஆவணங்களிலேயே இருக்கும் வேர்ட்பிரஸ் பயிற்சி அவ்வாறுதான் எழுதப்பட்டுள்ளது. பலரும் யாமல் என்னும் அமைப்புக் கோப்பைப் பகுதி பகுதியாக வெட்டி ஒட்டும்போது அந்த வரி விட்டுப்போகிறது.

கெடிலக்கரை | நண்பகல் 12.10

இருவருக்கும் நன்றி. கொள்கையை ரீடெய்ன் ஆக்கினேன். டம்ப் எடுத்து மடிக்கணினியில் வைத்துவிட்டேன். பிறகு பாட் எண்ணிக்கையை 0 ஆக்கி, இரண்டும் நின்றதை உறுதிசெய்து, ரீகிரியேட் என்று மாற்றி, மீண்டும் 1 ஆக்கினேன். மைஎஸ்கியூஎல் எழுந்து நிற்கிறது. பூட்டுப் பிழை இல்லை. ஆனால் இப்போது தளமே திறக்கவில்லை. தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை என்ற அறிவிப்பு வருகிறது. லாகில் அனுமதி மறுக்கப்பட்டது என்று இருக்கிறது. சீக்ரெட்டில் புதிய கடவுச்சொல் சரியாகத்தான் உள்ளது. வேர்ட்பிரஸ் பாட்டையும் மறுதொடக்கம் செய்து பார்த்துவிட்டேன்.

முதுநகர்க்காரன் | நண்பகல் 12.31

சீக்ரெட்டை மாற்றினால் தரவுத்தளத்தின் கடவுச்சொல் மாறிவிடாது. மைஎஸ்கியூஎல் கன்டெய்னர் (பாட்டுக்குள் ஓடும் மென்பொருள் பொதி) சீக்ரெட்டிலிருந்து சூழல் மாறியாக வரும் கடவுச்சொல்லைத் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் படிக்கிறது: தரவு அடைவு காலியாக இருந்து முதன்முதலாக அதை உருவாக்கும்போது. அதன் பிறகு கடவுச்சொல் இருப்பது தரவுத்தளத்தின் உள்ளே, பயனர் அட்டவணையில். நீங்கள் சாவியை மாற்றிவிட்டுப் பூட்டு மாறவில்லையே என்கிறீர்கள்.

நேற்று இரவே இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாததற்குக் காரணம், ஓடிக்கொண்டிருந்த வேர்ட்பிரஸ் பாட் பழைய கடவுச்சொல்லையே கையில் வைத்திருந்தது. சூழல் மாறியாகக் கொடுக்கப்பட்ட சீக்ரெட் மாறினாலும் ஓடும் பாட்டுக்கு அது எட்டாது. நீங்கள் மறுதொடக்கம் செய்த பிறகுதான் புதிய சாவியோடு போய்க் கதவைத் தட்டியது.

பழைய கடவுச்சொல்லைக் கொண்டு பாட்டுக்குள் நுழைந்து, வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் பயனருக்கு "ஆல்டர் யூசர்" கட்டளையால் புதியதைக் கொடுங்கள். முழு அதிகாரமுள்ள ரூட் பயனருக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ரூட் பயனர் ஒன்றுக்கு மேற்பட்ட ஹோஸ்ட் பெயர்களில் இருக்கலாம், எல்லாவற்றையும் பாருங்கள்.

இன்னொன்று. யாமல் கோப்பில் கடவுச்சொல் புரியாத எழுத்துகளாக இருப்பதால் அது மறைகுறியாக்கப்பட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அது வெறும் பேஸ்64 என்னும் எழுத்துமாற்று முறை. யாரும் ஒரு நொடியில் திருப்பிவிடலாம். அந்தக் கோப்பைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றியிருந்தால் இன்றே எடுத்துவிட்டு, கடவுச்சொல்லை இன்னொரு முறை மாற்றுங்கள்.

பெண்ணையாற்றான் (கடலூர்) | பிற்பகல் 2.05

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒரு வலைப்பதிவுக்கு இவ்வளவும் தேவையா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. தானே புயலின்போதும் 2015 வெள்ளத்தின்போதும் நான் இந்த ஊரில்தான் வழங்கி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று போனாலும் மற்றவை தாங்கும் என்பது தொடங்கியவரின் நோக்கம். அவர் கட்டியிருப்பதோ அதைச் செய்வதில்லை.

மூன்று கணினிகளும் ஒரே அறையில், ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே மின்கம்பத்திலிருந்து வரும் இணைப்பில் இருக்கின்றன என்று நினைக்கிறேன். கம்பம் சாய்ந்தால் மூன்றும் சேர்ந்தே அணையும். அதை விடுங்கள், ஒரே ஒரு கணினி பழுதானால் என்ன ஆகும் என்று பார்ப்போம். லோக்கல்பாத் வால்யூம் ஒரு கணினியின் வட்டில் இருக்கும் வெறும் அடைவு. அந்தக் கணினி போனால் தரவுத்தள பாட் வேறெங்கும் எழ முடியாது. "பெண்டிங்" என்று நிற்கும். அடுத்து, கே3எஸ்ஸை ஒரே சர்வராக (கிளஸ்டரை ஆளும் கணினி) நிறுவியிருந்தால் கிளஸ்டரின் நிலை முழுவதும் அந்த ஒரு கணினியிலுள்ள எஸ்கியூலைட் என்னும் சிறு தரவுத்தளக் கோப்பில் இருக்கும். அந்தக் கணினி போனால், ஓடும் பாட்கள் ஓடலாம். விழுந்ததைத் தூக்கி நிறுத்த ஆள் இல்லை. ஆக, முன்பு பழுதாகக்கூடிய இடம் ஒன்றாக இருந்தது; இப்போது இரண்டாகியிருக்கிறது.

ஒரே கணினி, டாக்கர் கம்போஸ் (ஒரு கணினியில் கன்டெய்னர்களைச் சேர்த்து இயக்கும் கருவி), இரவுதோறும் ஒரு டம்ப். என் மூன்று வாடிக்கையாளர்களின் தளங்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

கெடிலக்கரை | பிற்பகல் 3.20

கடவுச்சொல்லை மாற்றினேன், தளம் திறந்துவிட்டது. முதுநகர் ஐயாவுக்கு நன்றி.

பெண்ணையாற்றான் சொல்வதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. ஒரே யுபிஎஸ்தான். ஒரே சர்வர்தான். எனினும் கிளஸ்டரைக் கலைக்க மனம் வரவில்லை; இதைக் கற்பதும் என் நோக்கங்களில் ஒன்று. இதே கிளஸ்டரை உண்மையிலேயே தாங்கக்கூடியதாக மாற்ற வழி உண்டா? மைஎஸ்கியூஎல்லை ஸ்டேட்ஃபுல்செட் ஆக்கி எண்ணிக்கையை 3 ஆக்கினால் போதுமா? கணினிக்கு ஒன்றாக மூன்று தரவுத்தளங்கள் இருக்குமே?

லாஸ்பேட்டைவாசி | மாலை 4.45

மூன்று தரவுத்தளங்கள் இருக்கும்; ஆனால் அவை ஒன்றையொன்று அறியாத மூன்று தரவுத்தளங்களாக இருக்கும். ஸ்டேட்ஃபுல்செட் ஒவ்வொரு பாட்டுக்கும் நிலையான பெயரையும் தனி வால்யூமையும் தருகிறது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வது அதன் வேலையன்று. அது மைஎஸ்கியூஎல்லின் ரெப்ளிகேஷன் செய்ய வேண்டிய வேலை. அதை அமைக்காமல் எண்ணிக்கையை மட்டும் உயர்த்தினால், சர்வீஸ் ஒவ்வொரு இணைப்பையும் ஏதோ ஒன்றுக்கு அனுப்பும். காலையில் எழுதிய பதிவு ஒரு முறை தெரியும், மறுமுறை தெரியாது. ரெப்ளிகேஷனை முறையாக அமைக்க ஆப்பரேட்டர்கள் என்னும் தானியங்கி நிரல்கள் உள்ளன. நால்வர் எழுதும் வலைப்பதிவுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் இல்லாத இடத்தில் மூன்று தரவுத்தளம் என்பது மூன்று மடங்கு கவலை.

ஒற்றைத் தரவுத்தளத்தையே ஸ்டேட்ஃபுல்செட்டில் வைப்பதில் ஒரு நன்மை உண்டு: புதியதை எழுப்புமுன் பழையது நிற்கும் என்பது அங்கே இயல்பு. நேற்றைய முட்டுக்கட்டை வராது. அதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கணினி திடீரென அணைந்துபோனால், இயல்பான 300 நொடிப் பொறுமைக்குப் பிறகு டிப்ளாய்மென்டின் பாட்டுக்கு மாற்று ஒன்று எழும். ஸ்டேட்ஃபுல்செட்டின் பாட்டோ, பழையது உண்மையிலேயே இறந்துவிட்டது என்று உறுதியாகும் வரை நீங்களே தலையிட்டால் ஒழிய எழாது. ஒரே தரவை இரண்டு பேர் எழுதிவிடக் கூடாது என்ற எச்சரிக்கைதான் அதற்குக் காரணம்.

வால்யூமையே மூன்று கணினிகளிலும் நகலெடுத்து வைக்கும் லாங்ஹார்ன் போன்றவை உண்டு. ஒவ்வொரு முறை எழுதும்போதும் தரவு வலையமைப்பைக் கடந்து போகும் என்பதால் பழைய சிறு கணினிகளில் வேகம் குறையும். ஆயினும் உங்கள் தளத்தின் அளவுக்கு அது ஒரு பொருட்டாக இருக்காது.

வேர்ட்பிரஸ் பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதை இரண்டு பாட் ஆக்கும் ஆசை வரும்போது, நீங்கள் ஏற்றும் படங்கள் தரவுத்தளத்தில் இல்லை, கோப்புகளாக இருக்கின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள். இரண்டு பாட்களும் தனித்தனி வால்யூமில் இருந்தால், கல்வெட்டின் படம் ஒரு பாட்டில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. இன்னொன்று: அதிகாரபூர்வ வேர்ட்பிரஸ் கன்டெய்னர், தன் அடைவில் வேர்ட்பிரஸ் ஏற்கெனவே இருந்தால் தன்னிடமுள்ள கோப்புகளை அங்கே நகலெடுக்காது. அந்த அடைவு முழுவதையும் நீங்கள் வால்யூமில் வைத்திருந்தால், யாமலில் பதிப்பு எண்ணை எவ்வளவு உயர்த்தினாலும் ஓடுவது பழைய வேர்ட்பிரஸாகவே இருக்கும். அதை இயக்கும் பிஎச்பி மொழி மட்டும் புதிதாகும். உள்ளே போய்ப் பதிப்பைச் சரிபாருங்கள்.

கெடிலக்கரை | இரவு 8.15

சரிபார்த்தேன், மேடம். யாமலில் ஒரு பதிப்பு, நிர்வாகப் பக்கத்தில் அதற்கு முந்தைய பதிப்பு. மூன்று வாரமாகப் புதியதில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

இதையும் கேட்டுவிடுகிறேன். 2012, 2013 ஆண்டுகளின் பதிவுகளில் தமிழ் எழுத்து சிதைந்து தெரிகிறது. தலைமேல் சாய்கோடு போட்ட ரோமன் எழுத்தும், வட்டத்துக்குள் இருக்கும் வணிகப் பதிவுக் குறியும் மாறி மாறி வருகின்றன. கிளஸ்டருக்கு மாற்றும்போதுதான் இது நேர்ந்திருக்க வேண்டும்.

முதுநகர்க்காரன் | இரவு 9.02

அது நம் மொழிக்கு வாய்த்த பழைய நோய். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீட்டிடமும் (எழுத்துக்கோ துணைக்குறிக்கோ உரிய எண்) யுடிஎஃப்-8 என்னும் குறிமுறையில் 3 பைட் பிடிக்கும். "கடலூர்" என்பதில் குறியீட்டிடங்கள் 6, பைட்கள் 18. அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றே. இரண்டாவதிலும் இரண்டே வகைதான் உண்டு. அவற்றை லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறிமுறை) என்று தவறாகப் படித்தால், முதலாவது சாய்கோட்டு எழுத்தாகவும் இரண்டாவது பெரும்பாலும் பதிவுக் குறியாகவும் தெரியும். ஆகவே நீங்கள் காண்பது அழிந்த தமிழன்று. தவறான கண்ணாடி வழியாகப் பார்க்கப்படும் தமிழ். உங்கள் பழைய அட்டவணைகள் லத்தீன்1 என்று அறிவிக்கப்பட்டு, உள்ளே யுடிஎஃப்-8 பைட்கள் இருந்திருக்க வேண்டும். இடமாற்றத்தின்போது மைஎஸ்கியூஎல் அவற்றை நல்லெண்ணத்தோடு இன்னொரு முறை மாற்றிக்கொடுத்துவிட்டது.

பழைய கணினியின் வட்டு இருக்கிறதல்லவா? அதிலிருந்து, இணைப்பின் எழுத்துக்குறித் தொகுதி லத்தீன்1 என்று சொல்லி டம்ப் எடுங்கள்; மாற்றம் ஏதுமின்றி பைட்கள் அப்படியே வரும். டம்ப் கோப்பில் அட்டவணை அறிவிப்புகளையும் தொடக்கத்திலுள்ள இணைப்பு அறிவிப்பையும் யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழு யுடிஎஃப்-8இன் பெயர்) என்று திருத்திய பிறகு, முதலில் ஒரு சோதனைத் தரவுத்தளத்தில் ஏற்றிப் பாருங்கள்.

திருத்தும்போது தளத்தின் முகவரியையும் சேர்த்து டம்ப்பிலேயே மாற்றிவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். வேர்ட்பிரஸ் பல அமைப்புகளை பிஎச்பி சீரியலைஸ் வடிவில் வைக்கிறது. அதில் ஒவ்வொரு சொற்சரத்துக்கும் முன்னால் அதன் பைட் நீளம் எழுதப்பட்டிருக்கும். முகவரி நீண்டு, எண் பழையதாகவே இருந்தால் அந்த அமைப்பு முழுவதும் படிக்க முடியாமற்போய், விட்ஜெட்களும் தீம் அமைப்புகளும் காணாமற்போகும். வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி மாற்றும் கட்டளை நீளத்தையும் சேர்த்துத் திருத்தும்.

கிளை விஷயம் ஒன்று. பதிவின் முகவரிக்கான புலம் 200 எழுத்துகளே கொள்ளும்; இணைய முகவரிகளுக்கான சதவீதக் குறியீட்டில் ஒரு தமிழ்க் குறியீட்டிடம் 9 எழுத்தாக நீள்கிறது. "கடலூர்-புதுச்சேரி" என்பதற்கே 145 போய்விடும். உங்கள் பழைய முகவரிகள் பாதியில் வெட்டுப்பட்டு நின்றால், அதற்குக் கிளஸ்டர் காரணமன்று.

பெண்ணையாற்றான் | 13 ஜனவரி 2025, காலை 7.50

நேற்று நான் கடுமையாகப் பேசியிருக்கலாம். கிளஸ்டரை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்துவிட்டால், காப்பு நகலை மட்டும் கிளஸ்டரை நம்பி விடாதீர்கள். கிரான்ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணி) ஒன்று எழுதி இரவுதோறும் டம்ப் எடுங்கள். ஒற்றைப் பரிவர்த்தனை என்ற விருப்பத்தைச் சேர்த்தால் எழுதிக்கொண்டிருப்பவர்களை நிறுத்தாமலே சீரான நகல் கிடைக்கும். ஆனால் அது இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் இயல்பான சேமிப்பு வகை) அட்டவணைகளுக்கு மட்டுமே பொருந்தும். 2012இல் தொடங்கிய தளம் என்பதால் சில அட்டவணைகள் மைஐசாம் என்னும் பழைய வகையில் இருக்கக்கூடும், பார்த்து மாற்றிவிடுங்கள். படங்கள் இருக்கும் அடைவு டம்ப்பில் வராது. அதற்குத் தனி நகல் வேண்டும். இரண்டும் அந்த அறையை விட்டு, முடிந்தால் கடற்கரையை விட்டே வெளியே போக வேண்டும்.

இரவு 2 மணி என்று எழுதிவிட்டு, காலை 7.30க்கு ஓடுகிறதே என்று வியக்காதீர்கள். கிளஸ்டரின் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் அப்படித்தான் ஆகும். கிரான்ஜாப்பில் நேர வலயத்தை ஆசியா/கொல்கத்தா என்று குறிப்பிடும் வசதி குபர்நெட்டிஸ் 1.27 பதிப்பிலிருந்து நிலைபெற்றுள்ளது.

கெடிலக்கரை | 19 ஜனவரி 2025, மாலை 6.30

பொங்கல் விடுமுறை முழுவதும் இதிலேயே கழிந்தது. பழைய பதிவுகளின் தமிழ் மீண்டுவிட்டது. மைஐசாம் அட்டவணைகள் இரண்டு இருந்தன, மாற்றிவிட்டேன். மைஎஸ்கியூஎல்லை ஒற்றை ஸ்டேட்ஃபுல்செட் ஆக்கியிருக்கிறேன். லாங்ஹார்னை இப்போதைக்குத் தள்ளிவைத்தேன். டம்ப்பும் படங்களும் மறைகுறியாக்கப்பட்டு இரவுதோறும் நெய்வேலியில் உள்ள எங்கள் நண்பர் வீட்டுக் கணினிக்குப் போகின்றன.

இன்று காலை தரவுத்தளம் இருந்த கணினியின் மின் இணைப்பை வேண்டுமென்றே பிடுங்கினேன். நீங்கள் சொன்னவாறே பாட் எங்கும் எழவில்லை. நெய்வேலி நகலைக் கொண்டு வேறொரு கணினியில் புதிய வால்யூம் உருவாக்கித் தளத்தை மீட்க ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆனது. அதில் நாற்பது நிமிடம், மறைகுறியாக்கத்தின் சாவியை எங்கே வைத்தேன் என்று தேடியதில் போனது. அது அணைத்துவைத்த கணினியிலேயே இருந்தது. இப்போது ஒரு தாளில் எழுதி நால்வரிடமும் கொடுத்திருக்கிறேன்.

பெண்ணையாற்றான் | இரவு 7.15

நன்று. இன்னும் ஒன்றைச் செய்துவிடுங்கள். பாட்டை நிறுத்தும்போது குபர்நெட்டிஸ் இயல்பாக 30 நொடியே காத்திருந்து பிறகு வலிந்து கொல்லும். மைஎஸ்கியூஎல் தன் வேலையை முடித்து மூட அதற்கு மேலும் ஆகலாம். அந்த அவகாசத்தை 120 ஆக்குங்கள். யுபிஎஸ் மின்கலம் தீருமுன் கணினிகளை முறையாக அணைக்க நட் என்னும் மென்பொருளை மூன்றிலும் போட்டுவையுங்கள். எந்த மாதிரி யுபிஎஸ், அதில் யுஎஸ்பி துளை இருக்கிறதா என்று எழுதினால் அமைப்பை நான் சொல்கிறேன்.